ஒரே கொடுவா, நூற்று முப்பத்தேழு முறை

நெட்டுக்குப்பம் முத்தம்மாவை யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குண்டு என்று சொல்லலாம், ராங்கி பிடித்தவள் என்று சொல்லலாம், ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு டிக்கெட் காசு நீட்டுகிறவள் என்றுகூடச் சொல்லலாம். "ஆமா, அதுக்கு இன்னா இப்போ?" என்று வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பாள். மீனை மட்டும் சொல்லக் கூடாது. "நேத்து மீன் மாதிரி கீதே" என்று ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவன் பரம்பரையே அன்றைக்குத் தெருவுக்கு வந்துவிடும். செவுளைப் பிளந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருடா கஸ்மாலம், ஒன் வாய விட இது எவ்ளோ வாசனையா கீது பாரு" என்பாள்.

வயது ஐம்பத்தாறு. புருஷன் வேலப்பன் இருபது வருஷத்துக்கு முன் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டான். முத்தம்மா ஒருநாள் நேரில் போனாள். அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம், நல்ல பொண்ணாத்தான் கீற. நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து தம்பி ஜெகதீசன் ஃபைபர் படகில் கடலிலும் ஆற்று முகத்துவாரத்திலும் பிடித்து வரும் மீன்தான் அவள் பிழைப்பு. அலுமினிய அன்னக்கூடையில் மீனும் ஐஸுமாகப் போட்டுக்கொண்டு எர்ணாவூர், திருவொற்றியூர் தாண்டி வியாசர்பாடிக்கு வருவாள். அங்கே குடியிருப்பில் பி பிளாக், முப்பத்திரண்டு வீடு. இந்த முப்பத்திரண்டு வீட்டுச் சட்டியும் தன் மீனால்தான் மணக்கிறது என்பது அவளுடைய மாறாத எண்ணம். அது முக்கால்வாசி உண்மையும்கூட.

அந்த பி பிளாக்கின் இரண்டாவது மாடியில் ஜெயவேல் இருக்கிறார். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர அவருக்குள் இருந்த கிளார்க் ஓய்வு பெறவில்லை. அடுக்குவதற்கு ஃபைல் இல்லாமல் கை அரித்தது. மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்ததும் அதில் இருக்கிற படங்களையெல்லாம் அடுக்க ஆரம்பித்துவிட்டார். 'கல்யாணம் – சொந்தம்' என்று ஒரு ஆல்பம். 'கல்யாணம் – சாப்பிட மட்டும் போனது' என்று ஒரு ஆல்பம். 'பேத்தி – பல் முளைக்கும் முன்', 'பேத்தி – பல் முளைத்த பின்', 'சாவு', 'ரேஷன் கார்டு', 'அம்பேத்கர் ஜெயந்தி – வருஷ வாரியாக'. ஒரு படம் இரண்டு ஆல்பத்தில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. காசிக்கும் கயாவுக்கும் போய்வந்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஒன்றை வைத்துக்கொண்டு பதினொன்றை அழித்தார். அவர் வைத்துக்கொண்ட அந்த ஒன்றில் அவர் மனைவி எழில்மொழி கண்ணை மூடியிருந்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு மூன்று நாள் யாரும் யாரோடும் பேசவில்லை.

பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அவர்தான் தலை. சேதிகள் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும்படி செய்து வைத்திருந்தார், குப்பை சேரக் கூடாதாம்; வந்த படங்கள் மட்டும் அவரவர் போனில் தங்கிவிடும். காய், மீன், பூ விற்கிறவர்கள் படம் போடாமல் விற்பனை அறிவிக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டிருந்தார். அந்தச் சட்டத்தில்தான் முத்தம்மா மாட்டினாள்.

முத்தம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. வாயால் பேசி அனுப்புவாள். "இன்னிக்கு மடவ கீது, இறா கீது, நண்டு கொஞ்சூண்டு கீது, வேணும்ன்றவங்க சொல்லுங்க" என்று காலை ஆறு மணிக்குக் குரல் வரும். கூடவே ஒரு படம் வரும். நீலத் தார்ப்பாயில் ஐந்து கொடுவா மீன், சூரிய வெளிச்சத்தில் வெள்ளிக் குடம்போல மின்னும். மூலையில் ஒரு காக்கா. தம்பி பொண்டாட்டி மோகனப்ரியா என்றைக்கோ எடுத்த படம் அது. எடுத்த அன்றைக்கே அந்த ஐந்து கொடுவாவும் ஐந்து குழம்பாகி முடிந்துவிட்டன. ஆனால் மடவைக்கும் அதே படம்தான், இறாலுக்கும் அதே படம்தான், நண்டுக்கும் அதே படம்தான். பி பிளாக் ஜனங்கள் குரலைக் கேட்டார்கள், ஆர்டர் சொன்னார்கள், வாங்கினார்கள், தின்றார்கள். காலை ஆறு மணிக்கு யார் மீன் முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள்?

ஜெயவேலின் போன் பார்த்தது. இடம் போதவில்லை என்று அது ஒருநாள் முனக, ஒரே மாதிரிப் படங்களைத் தேடித் தரச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். தேடித் தந்தது. குட்மார்னிங் ரோஜா எழுபது. யாரோ ஒரு குழந்தை கை கூப்பும் படம் நாற்பத்திரண்டு. கொடுவா, நூற்று முப்பத்தேழு.

மனுஷன் ஒன்றை வைத்துக்கொண்டு நூற்று முப்பத்தாறை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அழிப்பதற்கு முன் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து குரூப்பில் போட்டார். கீழே ஒரு வரி: 'நூற்று முப்பத்தேழு நாளாக ஒரே மீன். தகவலுக்காக.'

பத்து நிமிஷத்தில் பிளாக்கே சிரித்தது. 'அது மீனா மம்மியா?' என்று ஒருவர். 'அந்தக் காக்காவுக்குக் கல்யாணம் ஆகி பேரப்புள்ளயே பொறந்திருக்கும்' என்று ஒருவர். அதுவரை பரவாயில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு சேதி வந்தது: 'அப்போ நாம துன்றது எத்தனை நாள் மீன்?' அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. முத்தம்மா வழக்கம்போல ஆறு மணிக்குக் கொடுவாவை அனுப்பினாள். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூடையோடு வந்து இறங்கினாள். வாசலில், வெளியூர் மீனை வாங்கி வந்து விற்கிற லாரி மீன்காரனின் குட்டி யானை வண்டி நின்றது. அவனைச் சுற்றி அவளுடைய வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கீழ்வீட்டு மலிகாதான் ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

முத்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஐஸ் தண்ணீர் படியெல்லாம் சொட்டியது. ஜெயவேல் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடையை நடுக்கூடத்தில் டொம்மென்று இறக்கினாள்.

"சாரு, எம் மீனு பழைய மீனுன்னு எவன் சொன்னான்?"

ஜெயவேல் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்லல முத்தம்மா. போனு சொல்லுது."

"போனு எம் மீன மோந்து பாத்துச்சா? செவுளத் தூக்கிப் பாத்துச்சா?"

"போட்டோவப் பாத்துச்சு."

"நீ போட்டோவத்தான் கொழம்பு வச்சுத் துன்றியா?" முத்தம்மாவின் குரலில் எதிர் பிளாக்கு ஜன்னல் இரண்டு திறந்தது. "மீனு புச்சு சாரு. போட்டோதான் பழசு. இதுகூடத் தெரியாம முப்பது வருசம் இன்னா வேல பாத்த?"

சமையலறையிலிருந்து எழில்மொழி வந்தாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்குக் காசிப் படத்துக் கோபம் இன்னும் தீரவில்லை.

"தெனம் புச்சா ஒண்ணு எடுக்கறதுக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்டார் ஜெயவேல்.

"போணி ஆவறதுக்கு முன்ன வலைல வந்த மீன போட்டோ புடிக்கக் கூடாது சாரு. எந்தம்பி உட மாட்டான். அந்தக் கொடுவாகூட போணி ஆன அப்பால புடிச்சதுதான். போன வருசம் எவனோ யூடியூப்காரன் வந்து சுத்திச் சுத்திப் புடிச்சான். அன்னிக்கு எஞ்சின்ல வல சுத்திகினு, படக இஸ்துகினு வர்றதுக்குள்ள உசுரு போய் உசுரு வந்துச்சு."

"இதெல்லாம் மூடநம்பிக்கை முத்தம்மா. பகுத்தறிவோட யோசிச்சா..."

"கடலுக்குப் போறது நீயா, எந்தம்பியா?"

ஜெயவேல் பகுத்தறிவை அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனாலும் கிளார்க் புத்தி விடவில்லை. "அப்போ அந்தப் போட்டோவால இன்னா பிரயோஜனம்? மடவன்னு சொல்ற, கொடுவா போட்டோ அனுப்புற. இது பொய் ஆவணம் இல்லயா?"

முத்தம்மா மூச்சு வாங்கினாள். இதை அவள் இதுவரை யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அது மீனோட போட்டோ இல்ல சாரு. இன்னிக்கு மீனு நல்லா கீது, முத்தம்மா பாத்துட்டா, நம்பி வாங்குன்னு அர்த்தம். நல்லா இல்லாத நாளு நான் அத்த அனுப்பவே மாட்டேன். அனுப்புன நாள எண்ணிகினு குந்தினியே, அனுப்பாத நாள எண்ணுனியா நீ?"

ஜெயவேல் போனை எடுத்தார், பார்த்தார், வைத்தார். "அழிச்சிட்டேனே" என்றார்.

எல்லாவற்றையும் அழித்திருந்தார். இன்று காலை வந்ததை விட்டால், எஞ்சியிருந்த ஒரே கொடுவா ஜனவரி நான்காம் தேதியைக் காட்டியது. குரூப்பிலோ ஏழு நாளுக்கு மேல் எதுவும் இல்லை. போனை நம்பினால் முத்தம்மா இன்றைக்கு முன் இந்த வருஷம் முழுக்க ஒரே ஒருநாள்தான் மீன் விற்றிருக்கிறாள்.

முத்தம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலப்பன் போனபோதுகூட அவள் இப்படி உட்காரவில்லை. புருஷன் போனால் ஊர் அவனைத்தான் பேசும். மீன் கெட்டது என்றால் அவளைப் பேசும். இனி இந்தப் படிக்கட்டில் அவள் குரல் கொடுத்தால் 'பழைய மீன்காரி வந்துட்டா' என்று யாராவது உள்ளேயிருந்து சொல்வார்கள். அவளுக்கு அழுகை வந்தது. மீன் நாற்றக் கையால் கண்ணைத் துடைத்ததில் எரிச்சலும் சேர்ந்து வந்தது. மறைக்கவும் இல்லை, மூக்கைச் சிந்திக்கொண்டே அழுதாள்.

எழில்மொழி சுவரை விட்டு நகர்ந்தாள். "ஏங்க, அழிச்சது எல்லாம் போன்ல ஒரு குப்பத்தொட்டிக்குத்தான போவும்? காலி பண்ணிட்டீங்களா?"

"அது ஞாயித்துக்கெழமதான் பண்ணுவேன்."

"இன்னிக்கு சனி."

ஜெயவேல் கண்ணாடியை மறுபடி மாட்டினார். நூற்று முப்பத்தாறு கொடுவாவும் நூற்று முப்பத்தாறு காக்காவும் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தேதி இருந்தது. அதைப் பார்த்ததும் ஓய்வு பெறாத அந்தக் கிளார்க் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சுவரிலிருந்து மாதக் காலண்டரை இறக்கி, ஜனவரித் தாளிலிருந்து பிரித்தார். கேஸ் சிலிண்டர் வந்த நாளெல்லாம் அவர் கையெழுத்தில் அதில் குறித்திருந்தது. அவர் தேதி சொல்லச் சொல்ல எழில்மொழி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். முத்தம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். எண் படிக்கத் தெரியாது. வட்டம் தெரியும், வட்டம் இல்லாத கட்டம் அதைவிட நன்றாகத் தெரியும்.

"ஜனவரி கடைசில நாலு நாளு இல்லியே, ஏன்?" என்று கேட்டார் ஜெயவேல்.

"சொறி மீனு, கண்ணாடி மாதிரி கொழகொழன்னு கொட்டுமே, அது வந்து வலயெல்லாம் நாசம். வந்த நாலு மீனும் நசுங்கிப் போச்சு."

"ஏப்ரல்ல ஒரு வாரம்?"

"கரண்டு கம்பெனி உட்ட சாம்பத் தண்ணி ஆத்துல கலந்துடுச்சு. இறா வெளுத்துப்போய் சோப்பு மாதிரி கீது. அத்த எவன் துன்னுவான்?"

"ஜூன்ல மூணு நாளு?"

"அது எனக்கு பேதி."

ஜெயவேல் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பழக்கம். பிறகு பிப்ரவரித் தாளுக்குத் திரும்பி வந்தார். முன்னேயே பார்த்திருந்தார், வேண்டுமென்றேதான் தாண்டிப் போயிருந்தார். பத்தொன்பது கட்டம் வரிசையாக வெறுமையாக இருந்தது.

"இது?"

முத்தம்மா அந்த வெறும் கட்டங்களை விரலால் தடவினாள். "எண்ண வந்துச்சே சாரு. ஆத்துல கறுப்பா எண்ண. எங்கேர்ந்து வந்துச்சோ, எவன் உட்டானோ. படகு, வல, எங்க காலு எல்லாம் எண்ண. மீனப் பாத்தா பளபளன்னுதான் கீது. கழுவிட்டா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அறுத்தாத்தான் நாத்தம் வரும். லாரிக்காரன் வந்து சல்லிசா வாரிகினு போனான், ஆந்திரா மீனுன்னு சொல்லி விக்கறதுக்கு. எங்கிட்டயும் கேட்டான். நீயும் எடுத்துகினு போய் வித்துடு, எவனுக்குத் தெரியப் போவுதுன்னான். நான் இறா கம்பெனில உரிக்கப் போய்ட்டேன். ஐசுல கையே வெந்து போச்சு. நானே துன்னாத மீன ஒம் பேத்திக்கு எப்டி சாரு குடுப்பேன்?"

எழில்மொழி பேனாவை மூடினாள். "பிப்ரவரி மாசம்" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "நீங்கதான குரூப்புல போட்டீங்க, முத்தம்மா வெலய ஏத்தறதுக்கு ஒளிஞ்சுகினு கீறா, லாரில வாங்கிக்கலாம்னு? வாங்கினோம். கொழம்பு கொதிக்கும்போதே மண்ணெண்ண வாட அடிச்சுது. கீழ போட்டத நாய் மோந்துட்டு ஓடிச்சு. நீங்க மட்டும் புது மசாலா போலக்குதுன்னு சொல்லி ரெண்டு தட்டு துன்னீங்க."

ஜெயவேலின் காது சிவந்தது. காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "தப்புதான் முத்தம்மா" என்றார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவறது? எங்க கூவுனியோ அங்க சொல்லு."

அவர் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். 'மேற்காணும் பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்ததை எழில்மொழி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். முத்தம்மா போனை வாங்கி, குரல் பதிகிற இடத்தை அழுத்திப் பிடித்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "எழுத்தெல்லாம் வேணாம். வாயால சொல்லு."

மனுஷன் முப்பத்தோரு வருஷ வேலையில் ஒரு மன்னிப்பும் வாயால் கேட்டதில்லை. திக்கினார், இருமினார். "அது... ஜெயவேல் பேசறேன். முத்தம்மா அனுப்பற போட்டோ... ஒரே போட்டோதான். மீனு ஒரே மீனு இல்ல. நல்ல மீன் இல்லாத நாள்ல அவங்க அனுப்பறதில்ல. இந்த வருசத்துல அவங்க அனுப்பாத நாள நான் எண்ணிப் பாத்தேன். பிப்ரவரில பத்தொம்போது நாளு. அப்போ நாம லாரில வாங்கித் துன்னது எண்ண மீனு. அத்த அவங்க நமக்கு விக்கல. நான்தான் நம்பாம பேசிட்டேன். மன்னிச்சுக்கணும்."

அரை மணியில் கூடை காலி. லாரி மீனை வாங்கியவர்கள்கூட வந்து வாங்கினார்கள். மூன்றாவது மாடிக்காரர் வீட்டுக்கு மட்டும் முத்தம்மா வேண்டுமென்றே முள் அதிகமாக இருக்கிற துண்டாகப் பொறுக்கிப் போட்டாள். அவள் மனுஷிதானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே போன் கிணுகிணுக்க ஆரம்பித்துவிட்டது. குற்ற உணர்ச்சி வந்த ஜனத்துக்குப் பசி அதிகம். 'முத்தம்மாக்கா, எனக்கு ரெண்டு கிலோ', 'எனக்கு நண்டு', 'எது கீதோ அத்த குடு, போட்டோ மட்டும் போடு போதும்' என்று மோகனப்ரியா ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். இத்தனை ஆர்டர் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை.

ஆறு மணிக்கு ஜெகதீசனின் படகு கரை ஏறியது. ராத்திரி நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், வலையில் மாட்டிய மீன் பல மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறது. முத்தம்மா குனிந்து ஒரு மடவையைத் தூக்கினாள். வயிறு கொழகொழவென்றிருந்தது. செவுள் பழுப்பு. இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் அப்படியே.

"ஐஸ் போட்டு எடுத்துகினு போனா ஓடிடும்க்கா" என்றான் ஜெகதீசன். அவன் கண் சிவந்து, சோர்ந்து நின்றான்.

"அண்ணி" என்றாள் மோகனப்ரியா. "நேத்துதான் பேரக் காப்பாத்திகினு வந்தீங்க. இன்னிக்கு அனுப்பலன்னா மறுபடியும் ஆரம்பிச்சுடுவாங்க. பாத்தீங்களா, இப்போ ராங்கி வந்துடுச்சுன்னுவாங்க. இன்னிக்கு ஒருநாளு போட்டோவப் போட்டுடுங்க."

முத்தம்மாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. நேற்று உட்கார்ந்து அழுத அந்தத் தரை இன்னும் உடம்பில் ஜில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் முகத்தைத் திருப்பினார்களானால் அவள் திரும்ப அந்தப் படி ஏற மாட்டாள். மீனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். போனை வாங்கி இடுப்புச் சுருக்குப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "கருவாட்டுக்குப் போடு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனாள்.

ஏழு மணி ஆயிற்று. ஏழரை ஆயிற்று. இடுப்பில் போன் நிற்காமல் அதிர்ந்தது. அவள் இரண்டாவது டீ சொன்னாள். அதற்கு மேல் தாங்க முடியாமல் போனை எடுத்து, பின்னாலேயே வந்திருந்த மோகனப்ரியாவிடம் நீட்டினாள். "படி. திட்டியிருந்தா மொதல்லயே சொல்லிடு."

மோகனப்ரியா படித்தாள். முதல் சேதி ஜெயவேல். 'மணி ஏழு. முத்தம்மாவிடமிருந்து படம் வரவில்லை. ஆகையால் பி பிளாக்கில் இன்று யாரும் மீன் வாங்க வேண்டாம். எங்கள் வீட்டில் சாம்பார்.'

"அப்பால?"

"கீழ்வூட்டு மலிகா, 'எங்க வூட்ல வத்தக்கொழம்பு'. அதுக்கு அடுத்தவங்க முட்டக்கொழம்பு. லாரிக்காரன் வாசல்ல வந்து நின்னுட்டு, ஒருத்தரும் எறங்கலன்னு திரும்பிப் போய்ட்டானாம். மூணாவது மாடி, 'எனக்கு ரசம் போதும்'னு போட்டுகீது. இன்னும் நெறைய கீது அண்ணி, எல்லாம் கொழம்புதான்."

"படி."

"எல்லாத்தையுமா?"

முத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வீட்டுக் குழம்பையும் ஒன்று விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.